ராயபுரம் தூண்

"அப்பா, கை எட்டலப்பா!"

ராயபுரம் ஸ்டேஷன் தூணைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னா பொண்ணு. கன்னத்துல சுண்ணாம்புப் பொடி.

நிழல்ல மீன் கூடையை இறக்கி வச்சிருந்த ஆயா சிரிச்சாங்க. "எங்க ஆயாவும் இதுல சாஞ்சுதான் குந்தும் கண்ணு."

தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பினது இங்கிருந்துதான். 1856 ஜூலை 1, வாலாஜா ரோடுக்கு. மும்பையோட அந்தக் காலத்து போரிபந்தர் ஸ்டேஷன் இப்ப இல்ல, கொல்கத்தா பக்கம் பழைய ஹவுரா ஸ்டேஷன் கட்டடமும் இல்ல. இது மட்டும் நிக்குது. சென்ட்ரல் வந்ததே 1873லதான்.

லீவு விட்டா தஞ்சாவூருக்கும் மாமல்லபுரத்துக்கும் ஓடுறோம். தப்பில்ல, போகணும். ஆனா வண்ணாரப்பேட்டையில பிறந்து வளர்ந்த நான், இந்தத் தூணை இன்னைக்குத்தான் தொட்டுப் பார்த்தேன். மனசு என்னவோ பண்ணிடுச்சு.

அந்த ஆயாவுக்கு இது பாரம்பரியச் சின்னம் இல்ல. பாட்டி சாஞ்ச இடம். அதை விட அழகா யாரு சொல்லிட முடியும்?

அடுத்த வாரம் அரண்மனைக்காரன் தெரு, 1772ல கட்டின ஆர்மீனியன் சர்ச். உலகத்தோட முதல் ஆர்மீனியப் பத்திரிகை 1794ல நம்ம மெட்ராஸ்லதான் அச்சாச்சுன்னு சொன்னதுல இருந்து, பொண்ணு நாள் எண்ணிக்கிட்டிருக்கா.