குதிரைப் பண்ணைக்கு டிராக்டர்: ஹெச்பிக்கு முன்னால் எடையைப் பாருங்கள்

டிராக்டர் வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி "எத்தனை ஹெச்பி?" என்பதுதான். உழவுக்கு வாங்குகிறவர்களுக்கு அது சரியான கேள்வி. ஐந்து குதிரைகள், பத்து ஏக்கர் மேய்ச்சல், ஒரு லாயம், ஒரு பயிற்சித் திடல் என்று இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அது பிறகு கேட்க வேண்டிய கேள்வி. நாங்கள் உழுவதே இல்லை. தூக்குகிறோம், அள்ளுகிறோம், இழுக்கிறோம், புல் வெட்டுகிறோம். அந்த வரிசையில்தான் எங்கள் நாள் போகிறது.

டிராக்டரும், பின்னால் சுமைப்பெட்டி வைத்துப் பண்ணைக்குள் ஓட்டும் யுடிவி என்கிற சிறிய வண்டியும் வாங்குவது பற்றி நானும் தங்கையும் பேசத் தொடங்கியபோது இரண்டு அளவுகளை முதலில் எழுதி வைத்தோம். ஒன்று, நாங்கள் வாங்கும் புல்கட்டில் கனமானது எத்தனை கிலோ. இன்னொன்று, லாயத்தின் கதவு எத்தனை அகலம், எத்தனை உயரம். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கும். கட்டு பெரிய டிராக்டரைக் கேட்கும், கதவு சின்ன டிராக்டரைக் கேட்கும். நடுவில் ஒன்றை வாங்கிச் சமாளிக்கலாம் என்று பலர் இறங்குகிறார்கள். அப்படி வாங்கிய டிராக்டர் கட்டையும் நிம்மதியாகத் தூக்காது, லாயத்துக்குள் திரும்பவும் இடம் போதாது.

முதலில் புல்கட்டு. கையால் தூக்கக்கூடிய சின்னச் சதுரக் கட்டு 18 முதல் 25 கிலோ வரை இருக்கும். அது மட்டும்தான் உங்கள் பண்ணைக்கு வரும் என்றால் 25 ஹெச்பிக்குக் கீழே உள்ள சிறிய டிராக்டரே தாராளம். கவலையில்லாமல் வாங்குங்கள். உருளைக்கட்டு என்றால் கதையே வேறு. 4 அடி அகலமும் 5 அடி விட்டமும் கொண்ட ஒரு கட்டு, புல்லையும் கட்டிய இறுக்கத்தையும் பொறுத்து 350 முதல் 450 கிலோ வரை வரும். ஈரம் குடித்திருந்தால் இன்னும் கூடும்.

டிராக்டரின் முன்னால் மாட்டும் தூக்குகைதான் லோடர். அதன் விவரத்தாளில் தூக்கும் திறன் என்று பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அது பெரும்பாலும் லோடர் கையின் நுனியில் பக்கெட் மாட்டும் முளை இருக்கிறதே, அந்த இடத்தில் அளந்தது. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னோர் எண் இருந்தால் அதைப் படியுங்கள். அது அந்த முளையிலிருந்து 500 மில்லிமீட்டர் முன்னால் தள்ளி அளந்தது, முதல் எண்ணைவிட நன்றாகவே குறையும். உருளைக்கட்டை, பக்கெட்டுக்குப் பதிலாக லோடரில் மாட்டும் ஈட்டியில் குத்தித் தூக்கும்போது அதன் எடை மையம் ஈட்டிச் சட்டத்திலிருந்தே 60 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. ஆக, அந்த இரண்டாவது எண்கூட நமக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. ஈட்டிக்கும், அடியில் நுழைத்துத் தூக்கும் ஃபோர்க்குக்கும் உள்ள சொந்த எடையையும் கழிக்க வேண்டும். எங்கள் கட்டு 450 கிலோ வரை போகும் என்பதால், 500 மில்லிமீட்டர் கணக்கில் 600 கிலோவுக்குக் குறைவாகத் தூக்கும் எதையும் பார்ப்பதில்லை என்று முடிவு செய்தோம். பட்டியலில் பாதி வண்டிகள் அங்கேயே கழிந்துவிட்டன. ஒரே ஹெச்பி போட்ட இரண்டு டிராக்டர்களில் ஒன்று லேசான சட்டத்திலும் மற்றது கனமான சட்டத்திலும் வந்திருக்கும். என்ஜின் ஒன்றாக இருந்தாலும் லோடரும் முன் ஆக்ஸிலும் வேறு.

தூக்குவதோடு முடிவதில்லை, தூக்கியதை வைத்துக்கொண்டு நகர வேண்டும். கட்டு தரையை விட்டு எழும்பும் நொடியில் பின் டயரைப் பாருங்கள். தரையில் அமுங்கியிருந்த பகுதி லேசாக நிமிரும். எடை முழுக்க முன் ஆக்ஸிலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். சின்ன டிராக்டர்களில் பெரும்பாலும் பிரேக் பின் சக்கரங்களில் மட்டும்தான் இருக்கும். பின் சக்கரத்துக்குத் தரையில் பிடி இல்லாமல் ஒரு சரிவில் இறங்கினால் பிரேக்கை மிதித்தும் வண்டி நிற்காது. அதனால்தான் லோடர் வேலைக்கு நான்கு சக்கர இயக்கம் கட்டாயம் என்கிறேன். அதைப் போட்டு வைத்தால் முன் சக்கரங்களும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும். கூடவே பின்னால் எதிர் எடை வேண்டும், த்ரீ பாயிண்ட் என்கிற பின்பக்க இணைப்பில் மாட்டும் எடைப்பெட்டியோ பின் டயருக்குள் திரவமோ. யானை வாங்குகிறவர் அங்குசத்துக்கு யோசிக்கிற மாதிரி, இவ்வளவு செலவழித்து டிராக்டர் வாங்கிவிட்டு எடைப்பெட்டியில் மிச்சம் பிடிக்காதீர்கள். கட்டைத் தரையோடு தரையாகத் தாழ்த்தித்தான் ஓட்ட வேண்டும். வெறும் பக்கெட்டில் உருளைக்கட்டை வைத்து உயரத் தூக்குவது கூடவே கூடாது. கட்டு லோடர் கைகளின் மேல் பின்னோக்கி உருண்டு, ஓட்டுகிறவர் மேலேயே விழும்.

இப்போது கதவு. இந்தக் கட்டைத் தூக்கக்கூடிய டிராக்டர், ஓட்டுகிறவர் தலைக்கு மேல் நிற்கும் பாதுகாப்பு இரும்புச் சட்டத்தோடு சேர்த்தால், சாதாரண லாயக் கதவுக்குள் தலை தட்டாமல் போவது கஷ்டம். மடக்கக்கூடிய சட்டம் வைத்துத் தருகிறார்கள், உண்மைதான். ஆனால் தினமும் மடக்கி, தினமும் நிமிர்த்துவதை எத்தனை பேர் செய்கிறார்கள்? ஒருமுறை மடக்கினால் அப்படியே கிடக்கும். வண்டி கவிழும்போது உயிரைக் காப்பது அந்தச் சட்டமும் சீட் பெல்ட்டும் சேர்ந்துதான். ஸ்வீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களுக்கு இந்த இரும்புச் சட்டத்தைக் கட்டாயமாக்கியது, அதன்பின் அங்கே கவிழ்ந்து இறப்பவர்கள் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அப்படிப்பட்ட ஒன்றைக் கதவுக்காக மடக்கிப் போட எனக்கு மனசில்லை.

இங்கேதான் யுடிவி வருகிறது. டிராக்டர் லாயத்துக்குள் போகவே வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் கதவுப் பிரச்சினை தானாகவே தீர்கிறது. கட்டு இறக்குவது, எரு அள்ளுவது, புல் வெட்டுவது எல்லாம் வெளியே, டிராக்டர் வேலை. லாயத்துக்குள் அன்றாட வேலை முழுக்க யுடிவி. இரண்டையும் தனித்தனியாக யோசிக்காமல் ஜோடியாகத் தேர்ந்தெடுத்தால் டிராக்டரைக் கட்டின் கணக்குக்கும், யுடிவியைக் கதவின் கணக்குக்கும் வாங்க முடியும். நாங்கள் இதைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பட்டியல் சுருங்கியது.

1988-ல் கவாசாகி 'மியூல்' என்ற பெயரில் விற்கத் தொடங்கிய வகை வண்டிகள்தான் இவை. இப்போது எத்தனையோ பேர் செய்கிறார்கள். வேகம், சஸ்பென்ஷன், காட்டுப் பாதை என்று விளம்பரம் ஓடும். அதெல்லாம் நமக்கு வேண்டாம். சுமைப்பெட்டியின் விளிம்பு எவ்வளவு உயரம் என்று பாருங்கள். லத்தியும் ஈர விரிப்பும் நிறைந்த முள்கரண்டியை ஒவ்வொரு கொட்டிலிலிருந்தும் அந்த விளிம்பைத் தாண்டித் தூக்க வேண்டும், வருஷம் முழுக்க. ஒரு கை அளவு உயரம் குறைந்தாலும் தோள் நன்றி சொல்லும். பெட்டி தானாகக் கவிழும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. பெரும்பாலான யுடிவிகள், கியர் மாற்றத் தேவையில்லாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடி வகை. சுமை இழுக்கும்போது லோ கியரில் போட வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் சூடேறிக் கருகும். குபோட்டாவின் டீசல் ஆர்டிவி வண்டிகளில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோஸ்டாடிக் கியர் என்பதால் அந்தப் பெல்ட் தொல்லை இல்லை, சத்தம் மட்டும் கொஞ்சம் அதிகம். பின் சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்படி பின் டிஃபரன்ஷியலைத் திறந்துவிடும் வசதியும் பாருங்கள். அது இல்லாமல் மேய்ச்சலில் வளைந்து திரும்பினால் புல்வேர் பிய்ந்து வரும்.

எங்கள் ஓட்டு மின்சார யுடிவிக்கு. லாயத்துக்குள் பெட்ரோல் வண்டியை ஓடவிட்டு வேலை செய்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். புல் தூசியால் ஏற்கெனவே குதிரைகளின் நுரையீரலுக்குப் பாடு. அதோடு எங்கள் மூத்த பெட்டைக்கு என்ஜின் சத்தம் ஆகாது. வண்டி வாசலில் வந்தாலே காதைப் பின்னால் மடித்து, பின்காலை மாற்றி மாற்றி வைப்பாள். இரவல் வாங்கிய மின்சார வண்டியை அவள் கொட்டில் முன்னால் கொண்டு போய் நிறுத்தியபோது கழுத்தை நீட்டி சுமைப்பெட்டியை மோந்து பார்த்தாள். எனக்கு அதுவே போதுமாயிருந்தது. நீண்ட தூரம் ஓட வேண்டிய பெரிய பண்ணைக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். நிலம் பத்து ஏக்கர்தான் என்றால் ஒரு சார்ஜ் ஒரு நாளுக்குத் தாராளம். ஒரு விஷயம்: லாய நடைபாதை 12 அடி இருந்தாலும் எந்த யுடிவியும் உள்ளே சுலபமாகத் திரும்பாது. இரு பக்கமும் கதவு திறந்து நேராக ஓட்டிப்போகும்படி இருக்க வேண்டும்.

எருவைப் பற்றிச் சொல்லாமல் குதிரைப் பண்ணை வண்டியைப் பற்றிப் பேச முடியாது. ஒரு குதிரை ஒரு நாளைக்கு லத்தியும் சிறுநீருமாக 20 கிலோவுக்கு மேல் போடும், விரிப்போடு சேர்த்தால் 30 கிலோவைத் தொடும். ஐந்து குதிரைக்கு வாரம் ஒரு டன்! இதைப் பச்சையாகவே மேய்ச்சலில் இறைத்தால் குடற்புழு முட்டைகளையும் சேர்த்து இறைக்கிறோம். குவித்து, புரட்டிப் போட்டு, உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடேற விட்டால் முட்டைகளும் களை விதைகளும் பெரும்பாலும் செத்துப்போகும். அந்தப் புரட்டல் வேலைக்குத்தான் லோடர் பக்கெட் அதிகம் தேவைப்படும். மக்கியதை இறைக்க, சக்கரம் உருளும்போது தானே சுழலும் சின்ன எரு இறைப்பான் போதும், யுடிவியே இழுக்கும். யுடிவியின் இழுதிறனை எரு நிறைந்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஏற்றத்தில் இழுத்துவிடும், இறக்கத்தில் பின்னாலிருந்து அது வண்டியைத் தள்ளும்.

குதிரைகள் லத்தி போடும் இடத்தில் மேயாது. அங்கே புல் கரடுமுரடாக வளர, மற்ற இடம் மொட்டையாகும். வெட்டிவிட்டுச் சங்கிலிப் பரம்பு இழுத்தால் சமமாகும். பரம்பு இழுப்பது வெயில் காயும் வறண்ட நாளில் மட்டும். ஈரத்தில் இழுத்தால் புழுக்களை நாமே நிலம் முழுக்கப் பரப்புகிறோம். புல் வெட்டும் ரோட்டரி கட்டருக்கு அடிக்கு 5 பிடிஓ ஹெச்பி (கருவிகளைச் சுழற்றும் பிடிஓ தண்டில் கிடைக்கும் ஹெச்பி) என்பது வழக்கக் கணக்கு. 5 அடி கட்டருக்கு 25. கட்டைத் தூக்கும் டிராக்டரில் அது எப்படியும் இருக்கும். ஹெச்பி பற்றி நான் அலட்டிக்கொள்ளாதது இதனால்தான்.

பழைய டிராக்டர் குறைந்த விலைக்குக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் இன்றும் ஓடுகிறது. அழகான வண்டி, எனக்கும் ஆசைதான். ஆனால் அதில் கிளட்சை மிதித்தால் பிடிஓவும் சேர்ந்து நிற்கும். சுழலும் கட்டரின் வேகம் கியர் வழியாக வண்டியையே முன்னால் தள்ளும், வேலியை நெருங்கும்போது இது ஆபத்து. இதைத் தடுக்க ஓவர்ரன்னிங் கிளட்ச் என்ற துண்டை பிடிஓ தண்டில் மாட்ட வேண்டும். அப்போதும் பாதுகாப்புச் சட்டம் இல்லை, நான்கு சக்கர இயக்கம் இல்லை. திடலில் பரம்பு இழுக்க வைத்துக்கொள்ளலாம். ஒரே வண்டியாக வாங்க வேண்டாம்.

கியரில் ஹைட்ரோஸ்டாடிக் எடுங்கள். லோடரோடு முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கும் வேலைக்கு அதுதான் கைக்கு இசைவு, தங்கையைப் போலப் புதிதாக ஓட்டுகிறவர்களும் சீக்கிரம் பழகுவார்கள். டயரில் ஆர்4 வகை எடுங்கள். உழவு டயரான ஆர்1 சேற்றில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் மேய்ச்சலைக் கிழிக்கும்.

பல நாடுகளின் புகை விதிகள் 19 கிலோவாட்டைத் தாண்டினால், அதாவது சுமார் 25 ஹெச்பிக்கு மேல் போனால் இறுகும். அந்த டீசல் டிராக்டர்கள் பலவற்றில் புகைத்துகளை எரித்துச் சுத்தம் செய்யும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. எரிக்கும் நேரத்தில் சைலன்சர் பக்கம் கடும் சூடாகும். புல் கொட்டகைக்குள்ளோ காய்ந்த புல்லின் மேலோ அப்போது நிறுத்தக் கூடாது. நாங்கள் புல் கொட்டகையில் எந்த வண்டியையும் நிறுத்துவதில்லை என்றே வைத்துக்கொண்டோம். புல் தூசி ரேடியேட்டர் வலையில் கம்பளி மாதிரி படியும். முன் மூடியைத் திறந்து வலையை வெளியே எடுத்துத் தட்ட முடிகிறதா, இல்லை நான்கு போல்ட் கழற்ற வேண்டுமா என்று வாங்கும் முன்னாலேயே பாருங்கள்.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறதென்றால் டிராக்டரை முதலில் எடுங்கள். லாயத்துக்குள் தள்ளுவண்டியை வைத்துச் சில மாதம் ஓட்டலாம், 450 கிலோ கட்டை யாரும் தள்ள முடியாது. விற்பவரிடம் சொல்லி, உங்கள் கட்டையே ஒன்று கொண்டுபோய் அந்த டிராக்டரில் தூக்கிப் பாருங்கள். மறுத்தால் வேறு இடம் போங்கள். உதிரி பாகம் அருகில் கிடைக்காத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். ஒரு ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்தால் அன்று குதிரைகளுக்குக் கட்டு இறங்காது, குதிரை நாளை வரை பொறுக்காது. நாங்கள் டிராக்டர் எடுத்துவிட்டோம், ஃபோர்க்கும் எடைப்பெட்டியும் சேர்த்து. மின்சார யுடிவிக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், அதற்குள் லாயத்தின் பின்பக்கச் சுவரில் இரண்டாவது கதவைத் திறக்கும் வேலை நடக்கிறது.