மைனஸும் மைனஸும்

மகள் இன்றைக்குக் கணக்கு நோட்டோடு வந்து, "மைனஸையும் மைனஸையும் பெருக்கினா எப்படிம்மா பிளஸ் வரும்?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏழாம் வகுப்பில் இதையே நான் கேட்டபோது டீச்சர், "விதி அப்படி, எழுதிக்கோ" என்று சொல்லி முட்டிபோட வைத்தார். முட்டி வலி அன்றைக்கே போய்விட்டது, கேட்டதே தப்பு என்று ஆனதுதான் பல வருஷம் மனசில் கிடந்தது.

அன்று சாயங்காலம் ஐயாதான், என் தாத்தா, வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், உட்கார வைத்துச் சொன்னார்கள். பர்மாவில் வட்டிக்கடையில் பேரேடு எழுதியவர்கள், காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320 என்று கடைசிவரை மனக்கணக்காகவே போடுவார்கள். "ஆத்தா, உன் பேரில அஞ்சஞ்சு ரூபாயா மூணு கடன் இருக்கு. மூணையும் நான் பேரேட்டிலேர்ந்து அடிச்சுட்டேன். உனக்கு லாபமா, நட்டமா?" லாபம், பதினஞ்சு ரூபாய். கடன் ஒரு மைனஸ், அதை அடிப்பது இன்னொரு மைனஸ். அவ்வளவுதான்!

அப்புறம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு சார் வந்தார். டியூஷனில் தரையில் பதித்திருந்த சதுரமான ஆத்தங்குடிக் கல் ஒன்றின் மேலேயே சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்து, பெரிய சதுரம் ஒன்று, சின்னச் சதுரம் ஒன்று, ஒரே அளவில் நீளக்கட்டம் இரண்டு என்று காட்டி, "ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்ல நடுவுல வர்ற இரண்டு ஏபி இதுதான்மா" என்றார். நான் அந்தக் கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மகளுக்கு ஐயாவின் கடனைத்தான் சொன்னேன், சட்டென்று பிடித்துக்கொண்டாள். சார் இப்போது தேவகோட்டைப் பக்கம் இருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை அவளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கவேண்டும்.