மொட்டை மாடி யாருடையது?

வடசென்னையில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். காற்றாலையா, சூரிய சக்தியா என்று கேட்டதும் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஆனால் இந்தப் பாடத்தைப் பட்டிமன்றமாக நடத்த எனக்கு மனமில்லை. எந்த ஊரில், எந்தக் கூரையில், எந்த நேரத்தில் என்று சேர்த்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், அப்போ காற்றாலைதானே மிஸ்?" என்றான் ஒருவன். நல்ல கேள்வி. வரைபடத்தை விரித்தோம். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் நெருக்கிக்கொண்டு நுழைகிறது. ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். நம் தெருவுக்குப் பிற்பகலில் கடற்காற்று வரும், ஆனால் கட்டடங்களில் மோதிச் சிதறிவிடும். காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டியதும் வகுப்பே அமைதியானது. முப்பந்தல் மின்சாரமும் கம்பி வழியே நம் வீட்டுக்கு வரக்கூடியதுதான் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டால் பாடம் பொய்யாகிவிடும்.

அப்புறம் வெயில் கணக்கு. ஒரு கிலோவாட் சோலாருக்கு நிழல் விழாத சுமார் 100 சதுர அடி வேண்டும். நாளுக்கு ஏறக்குறைய 4 யூனிட் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மேகத்தில் குறையும். ராத்திரி கிடையாது. வீட்டு இ.பி. அட்டையைக் கொண்டுவரச் சொல்லி, இரண்டு மாத யூனிட்டை 60ஆல் வகுத்து ஒரு நாள் செலவைப் பார்த்தோம். பிறகு அவரவர் வீட்டு மாடியை அளந்து வரச் சொன்னேன்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "நாங்க வாடகைக்கு இருக்கோம் மிஸ். மாடி ஹவுஸ் ஓனரோடது. நாங்க எதை அளக்குறது?"

என் வகுப்பில் பாதிக்கு மேல் வாடகை வீட்டுப் பிள்ளைகள். மற்றவர்களில் பலர் ஹவுசிங் போர்டு குடியிருப்பு, அங்கே மாடி எல்லோருக்கும் பொது. ஊருக்கு எது பொருந்தும் என்று பேசும்போது மாடி இல்லாதவரை விட்டுவிட்டால் அது யாருடைய ஊர்? பாடநூல் இந்தக் கேள்விக்குள் போவதில்லை. போக வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

சரி, வீட்டை விட்டுக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம் என்றேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல் காலையிலும் மாலையிலும் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, மிச்ச இடத்தை அளந்து வந்தார்கள். ஒரு பிளாக்கில் 16 வீடு. அத்தனை வீட்டுக்கும் அந்த மாடி போதாது. ஆனால் படிக்கட்டு விளக்கும் தண்ணீர் மோட்டாரும் பொது. விளக்கு எரிவது ராத்திரியில், அதற்கு பேட்டரி வேண்டும். மோட்டாரை உச்சிவெயில் நேரத்துக்கு மாற்றினால் அதற்கு பேட்டரியே வேண்டாம் என்று கண்டுபிடித்தவள் கேள்வி கேட்ட அதே பெண்தான். இப்போது எந்த பிளாக்கில் எத்தனை மணிக்கு மோட்டார் ஓடுகிறது என்று குறித்து வருகிறார்கள்.