அணைத்து வைத்த கணினியையும் வெப்பம் விடாது

ஓடாத கணினி சூடாகாது, எங்கே வைத்தாலும் ஒன்றுதான் என்ற எண்ணத்தில்தான் பல அலுவலகங்களில் மொட்டை மாடிக்கு அடியிலுள்ள அறை கணினிக் கிடங்காகிறது. ஆனால் பேட்டரிக்குள் வேதிவினை ஓய்வதில்லை. வெப்பம் ஏற ஏற அது வேகமெடுக்கும். கிடங்கில் முதலில் கெடுவது பெரும்பாலும் பேட்டரிதான்.

மடிக்கணினியை உள்ளே வைக்கும் முன் முழுச் சார்ஜ் ஏற்றுவது பலருக்கும் பழக்கம். லித்தியம் அயான் பேட்டரிக்கு முழுச் சார்ஜும் வெப்பமும் சேர்ந்து வருவதுதான் மிகப் பெரிய கேடு. கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். உள்ளே வாயு உண்டாகி, பேட்டரி உப்பி, டச்பேடையே மேலே தள்ளிவிடும். 50 சதவீதத்தில் நிறுத்தி, ஸ்லீப்பில் விடாமல் ஷட்டவுன் செய்து வையுங்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, 20 சதவீதத்தை நெருங்கியிருந்தால் மறுபடி பாதிக்கு ஏற்றுங்கள். அடியோடு வற்றிய பேட்டரியில் பாதுகாப்புச் சுற்றே மறுபடி சார்ஜ் ஏற விடாமல் தடுத்துவிடலாம். உப்பியதை அழுத்தி மூடவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

யுபிஎஸ்ஸில் உள்ள லெட் ஆசிட் பேட்டரிக்கு விதி நேர்மாறு. அதை முழுச் சார்ஜில்தான் வைக்க வேண்டும். சார்ஜ் குறைந்து கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். பிறகு எத்தனை முறை ஏற்றினாலும் பழைய திறன் வராது. வெப்பம் 10 டிகிரி கூடினால் தானாகச் சார்ஜ் வடியும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும். 25 டிகிரி அறையில் 6 மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதுமென்றால், 35 டிகிரியில் 3 மாதத்துக்கு ஒருமுறை ஏற்ற வேண்டும். யுபிஎஸ்ஸை அணைத்தால் மட்டும் போதாது, பேட்டரி ஒயரையும் கழற்றிவிடுங்கள். இரண்டு வகையையும் ஒரே அலமாரியில் ஒரே விதிப்படி வைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. ஒவ்வொன்றின் மேலும் சார்ஜ் அளவையும் அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதியையும் எழுதி ஒட்டினால் இந்தக் குழப்பம் வராது.

சிப்புகளில் தரவைச் சேமிக்கும் எஸ்எஸ்டி வேறு விஷயம். சிப் துறைக்குத் தரநிலை வகுக்கும் ஜெடெக் அமைப்பின் விதிப்படி, மொத்தம் இவ்வளவுதான் தரவு எழுதலாம் என்ற வரம்பைத் தொட்டுவிட்ட சாதாரண எஸ்எஸ்டி, மின்சாரமில்லாமல் 30 டிகிரியில் 1 ஆண்டு தரவைக் காக்க வேண்டும். சர்வர் வகைக்கு 40 டிகிரியில் 3 மாதம். புதியது இதைவிட நெடுநாள் தாங்கும். என்றாலும், தேய்ந்த எஸ்எஸ்டியில் தரவின் ஒரே ஒரு பிரதியை வைத்துச் சூடான அறையில் பூட்டுவதை எங்களால் ஏற்க முடியாது.

அறையின் சூட்டைக் கதவருகே அளந்து பயனில்லை. மேல்தட்டில் பிற்பகல் 3 மணிக்கு அளக்க வேண்டும். சூடான காற்று அங்குதான் தேங்கும். பேட்டரியும் பிரிண்டர் மைத்தூளான டோனரும் கீழ்த்தட்டுக்குப் போகட்டும், ஆனால் தரையில் வேண்டாம். வெயில் படும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சர்க்யூட் போர்டுகளுக்குச் சாதாரண பாலித்தீன் பை ஆகாது, நிலைமின்சாரம் தாக்காமல் காக்கும் ஆன்டி ஸ்டேட்டிக் பைதான் வேண்டும். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் போட்டால், நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

ஏசி அறையிலிருந்து வெளியே எடுக்கும்போதும் கவனம் வேண்டும். வெளிக்காற்று 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்றால், சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மீதும் நீர் முத்து முத்தாகப் படியும். அதனால் ஏசி அறையிலேயே பையில் போட்டு மூடி, வெளியே கொண்டுவந்த பின் சில மணி நேரம் அப்படியே விடுங்கள். பொருள் வெளிச்சூட்டுக்கு வந்த பிறகு பையைத் திறந்து மின்சாரம் கொடுக்கலாம்.