சாளை மீனும் மேலரி டவர்ஸும்

முழு ஆண்டு விடுமுறை விட்டதும் பரணில் இருந்த என் பழைய கதைப்புத்தகப் பெட்டியை இறக்கினேன். மகளுக்குக் கொடுக்கலாம் என்றுதான். பத்துப் பக்கம் படித்துவிட்டு, "இதுல யாருமே வீட்டுக்கு போன் பண்ண மாட்டாங்களாம்மா?" என்று கேட்டு மூடி வைத்துவிட்டாள். சரி, நானே படிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். நான்கே நாளில் ஆறும் முடிந்தன.

ஆங்கிலக் குழந்தை எழுத்தாளர் எனிட் பிளைட்டன் 1946 முதல் 1951 வரை வருஷத்துக்கு ஒன்றாக வெளியிட்ட மேலரி டவர்ஸ் கதைகள். இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், நாலு மூலையிலும் கோபுரம் வைத்த விடுதிப் பள்ளி. கடல் ஏறும்போது தானே நிரம்பும், பாறையில் குடைந்த நீச்சல் குளம். நாகர்கோவிலில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான் அந்தக் குளத்துக்காக ஏங்கினேன்.

அப்புறம் சாப்பாடு. பிளைட்டனின் விடுதிப் பெண்கள் நள்ளிரவு விருந்தில் சாப்பிடும் சார்டின் ஏதோ கிடைக்காத பண்டம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் நம்ம சாளை! வாரத்தில் மூன்று நாள் மூக்கைச் சுளித்து ஒதுக்கிய அதே சாளை. ஜிஞ்சர் பியரைப் பற்றி (வெறும் இஞ்சி பானம்தான்) வீட்டில் கேட்கவே பயம். பிள்ளைகள் பீர் குடிக்கிற கதை என்று தெரிந்தால் லெண்டிங் லைப்ரரிப் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு நான்தான் கதாநாயகி டாரெல். கோபக்காரி, ஆனால் நல்லவள். பயந்தாங்கொள்ளி மேரி லூவைத் தண்ணீருக்குள் அமுக்கிய குவெண்டலினை டாரெல் அறையும் இடத்தை எத்தனை முறை படித்திருப்பேனோ! இப்போது நான் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். அதே அறை என் வகுப்பில் விழுந்தால் இரண்டு வீட்டிலிருந்தும் ஆள் வந்து நிற்கும். அதைவிட மோசம், குறும்புக்காரி அலீஷியா காது கேட்காத மாதிரி நடித்து பிரெஞ்சு டீச்சர் மம்செல் டுபோனைப் படுத்தும் பாட்டுக்கு எனக்குச் சிரிப்பே வரவில்லை. நான் போர்டில் எழுதத் திரும்பியதும் பின்பெஞ்சில் கிளம்புமே ஒரு ரீங்காரம், அதுதான் காதில் கேட்டது.

ஆனால் இந்த முறை என்னை விடாமல் பிடித்துக்கொண்டவள் குவெண்டலின். பள்ளிக்கே போகாமல், வீட்டில் ஒரு கவர்னஸிடம் படித்து, அம்மாவின் செல்லத்தில் வளர்ந்தவள். திடீரென்று விடுதியில் கொண்டுவந்து விடுகிறார்கள். பொய், பொறாமை, தற்பெருமை எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இரண்டாம் புத்தகத்தில் டாஃப்னே காசும் நகையும் திருடியே மாட்டுகிறாள். உயிரைப் பணயம் வைத்து மேரி லூவைக் காப்பாற்றியவள் என்பதால் அவளை வகுப்பே மன்னிக்கிறது. குவெண்டலினுக்கு அப்படி மலை விளிம்பில் தொங்கும் யாரையும் பிளைட்டன் கொடுக்கவே இல்லை. பல புத்தகங்களில் புதிதாக வரும் பணக்காரப் பெண்ணின் பின்னால் ஓடுவாள், அவமானப்படுவாள். வாசிக்கிற நாமும் சிரிக்க வேண்டும். நான் சிரித்தேன்.

கடைசிப் புத்தகத்தில் அவளுடைய அப்பா படுத்துவிடுகிறார். ஸ்விட்சர்லாந்தில் போய்ப் படிக்கும் கனவு போச்சு. பருவம் முடியும் முன்பே வீட்டுக்குப் போகிறாள். பிறகு டாரெலுக்கு அவள் எழுதும் கடிதத்தை நான் படித்ததாகவே நினைவில்லை. படித்திருக்கிறேன். லைப்ரரி மூடியபோது அப்பா மொத்தமாக வாங்கிக் கொடுத்த பிரதி இது. அந்தப் பக்க ஓரத்தில் பென்சிலில், என் கையெழுத்தில், "நல்லா வேணும்".

மகளின் ரப்பரை வாங்கி அழித்தேன். அழுத்தி எழுதியிருக்கிறேன் போல, தடம் அப்படியே இருக்கிறது.