"என் பையன் வெளி ஆளா, தம்பி?"

அந்த அம்மா கேட்டது அவ்வளவுதான். "மெயிலைப் பொறுத்தவரைக்கும் ஆமாம்மா" என்று பதில் போனது. அதற்குமேல் அவர் பேசவில்லை. பதில் தப்பு என்று இன்றும் தோன்றவில்லை. ஆனால் அதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இருந்ததா என்பது மட்டும் மனசைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. அந்தப் பையன் கையில் சாவியைக் கொடுத்ததே நாங்கள்தான்.

பெங்களூரில் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் வாலண்டியர்களுக்கு மெயில் கணக்கு கொடுத்து நிர்வகிப்பது எங்கள் வேலை; அந்த அம்மாவும் அவர்களில் ஒருவர். வாலண்டியர் படிவத்தில் 'மொபைல் எண்' என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் இருந்து வரும் வயதானவர்களில் பலர் அதில் மகன் எண்ணையோ மருமகள் எண்ணையோதான் எழுதுவார்கள். ரீசார்ஜ் செய்வது அவர்கள்தானே. நாங்கள் அதே எண்ணை இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கும், பாஸ்வேர்டு மறந்தால் மீட்பதற்கும் அப்படியே ஏற்றிவிட்டோம். அதாவது அம்மாவின் கணக்குக்கு வரும் ஓடிபி மகன் போனில் விழும். பாஸ்வேர்டு எப்படியும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு ஆளுக்குக் கொடுத்ததாக நினைத்த கணக்கை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்திருக்கிறோம்.

சரியாகச் செய்ய அரை மணி நேரம் போதும். ஆளை எதிரில் உட்காரவைத்து, அவருடைய சொந்தப் போனில் செய்ய வேண்டும். தற்காலிக பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் சீட்டில் எழுதிக் கொடுத்து, முதல் லாகினிலேயே மாற்றவைக்க வேண்டும். பேரன் பெயரும் பிறந்த வருஷமும் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைக் கோத்தால் நீளமும் வரும், நினைவிலும் நிற்கும். ஓடிபிக்கு எஸ்எம்எஸ்ஸைவிட ஆதென்டிகேட்டர் ஆப் நல்லது. 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணை அது சிக்னல் இல்லாமலே காட்டும். ஆஸ்பத்திரி பேஸ்மென்டில் நின்றாலும் கிடைக்கும். "நம்பர் போட்டா ஏத்துக்க மாட்டேங்குது" என்று யாராவது சொன்னால் முதலில் போன் கடிகாரத்தைப் பாருங்கள். நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருந்தால் எண் பொருந்தாது. தானாக நேரம் எடுக்கும்படி வைத்தால் சரியாகிவிடும். போன் தொலைந்தால் என்ன செய்வது என்று அன்றே யோசித்து, ஓடிபிக்குப் பதிலாகப் போடக்கூடிய, 8 இலக்கமுள்ள 10 பேக்கப் கோடுகளை (எண்களை) அச்செடுத்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். அந்தத் தாள் பீரோவில் இருக்க வேண்டும். போன் உறைக்குள் மடித்து வைத்தால் போனோடு அதுவும் போகும்.

இதெல்லாம் எங்களுக்கு அன்றைக்கும் தெரியும். அன்று வரிசையில் பலர் காத்திருந்தார்கள் என்பதுதான் காரணம். காரணமாக அது போதுமா என்பது வேறு.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கணக்குகளை நிர்வகிக்கும் அட்மின் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை வந்தது. அதுவரை ஒரே ஓர் ஆண்ட்ராய்டு போனில் மட்டும் திறந்த கணக்கு, புதிதாக ஒரு விண்டோஸ் கணினியில் திறந்திருந்தது. பாஸ்வேர்டு சரி, ஓடிபியும் சரி. அம்மாவுக்கு இரண்டு தடவை போன் போட்டோம், எடுக்கவில்லை. பஸ்ஸில் இருந்திருக்கிறார். கணக்கை சஸ்பெண்ட் செய்தோம்.

அவசரப்பட்டோமா? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியில் சைபர் தாக்குதலால் சர்வர்கள் முடங்கி, பல நாட்கள் எல்லாவற்றையும் கையால் எழுதி வேலை பார்த்தார்கள். அதே வருஷம் ஏப்ரலில், மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. இதையெல்லாம் தலையில் வைத்திருக்கிறவர்கள் அந்த நிமிஷத்தில் பூட்டத்தான் செய்வார்கள். பூட்டாமல் விட்டு, உள்ளே இருந்தவர் உண்மையிலேயே திருடராக இருந்திருந்தால்?

இருந்தது பையன். சனிக்கிழமை வாலண்டியர்கள் பார்க்க வேண்டிய நோயாளிகளின் பட்டியல் அம்மாவின் போனில் பொடி எழுத்தாகத் தெரிகிறதென்று, ஜெராக்ஸ் கடைக் கணினியில் அம்மாவின் மெயிலைத் திறந்து பிரின்ட் எடுத்திருக்கிறார். லாக்அவுட்டும் செய்திருக்கிறார், பொறுப்பான பிள்ளை. ஆனால் இறக்கிய கோப்பு லாக்அவுட் செய்தால் போகாது. இன்காக்னிட்டோ ஜன்னலில் திறந்தாலும் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே இருக்கும். அங்கே அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய வேண்டும். கடைக்காரர் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுப்பது இன்னும் மோசம். அது அவர் போனில் தங்கிவிடும்.

எங்கள் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. எங்களுடையது கூகுள் வொர்க்ஸ்பேஸ், நிறுவனங்களுக்கான கூகுள் மெயில் சேவை. சஸ்பெண்ட் செய்த கணக்கில் பழைய மெயில் அழியாது, ஆனால் புது மெயில் உள்ளே போகாது, அனுப்பியவருக்கே திரும்பும். அன்று ராத்திரி நர்ஸ் ஒரு மெயில் போட்டிருந்தார்: சனிக்கிழமை 11 மணிக்குப் பார்க்க வேண்டிய குடும்பம் ஊருக்குக் கிளம்புகிறது, கிருஷ்ணகிரியில் காட்ட வேண்டிய கடிதத்தையும் கட்டுப்போடும் சாமான்களையும் 9 மணிக்குள் கொடுத்துவிடுங்கள் என்று. அது திரும்பி வந்தது. திரும்பி வந்த தகவல் நர்ஸின் இன்பாக்ஸில் கிடந்தது. அவர் அதிகாலையிலேயே வேறு வீட்டுக்குப் போய்விட்டார். குடும்பம் காத்திருந்துவிட்டு, கடிதம் இல்லாமலே பஸ் ஏறியது.

பாஸ்வேர்டை மாற்றி, அட்மின் பக்கத்தில் லாகின் குக்கீகளை ரீசெட் செய்திருந்தால் போதும். திறந்திருந்த கணினியெல்லாம் வெளியே தள்ளப்படும். உள்ளே வரும் மெயில் வந்துகொண்டே இருக்கும். இரண்டு பட்டனும் ஒரே பக்கத்தில்தான் இருக்கின்றன. சஸ்பெண்ட் பெரிய சொல்லாக இருந்ததால் அதை அழுத்தினோம் என்று நினைக்கிறேன். அழுத்திய பிறகு, அந்த அம்மாவுக்கு வர வேண்டிய மெயில் எங்கே போகும் என்று யாரும் கேட்கவில்லை. அதை மறுநாள் கேட்டவரும் அவர்தான்: "என் கணக்கைப் பூட்டினீங்க சரி, அந்த வீட்டுக்கு யார் சொல்லியிருக்கணும்?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. உடனே நாங்கள் பட்டியலைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அதில் ஒருவர் பெயருக்கு எதிரே, குறிப்பு என்ற கட்டத்தில், ஏஆர்டி என்று இருந்தது. எச்ஐவிக்குக் கொடுக்கும் மருந்துச் சிகிச்சை அது. 2017-இன் எச்ஐவி சட்டப்படி, நம்பிச் சொல்லப்பட்ட அந்த நிலையை அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிடக் கூடாது. பையன் வெளி ஆளா என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. எங்கோ இருக்கும் திருடன் அந்தத் தாளைப் பார்த்தால் அவனுக்கு அது ஒரு பெயர். அதே பகுதியில் பிறந்து வளர்ந்தவர் பார்த்தால் அது அடுத்த தெரு வீடு, கூடப் படித்தவனின் அப்பா. நெருக்கமானவர் என்பதாலேயே அவர் பார்க்கக் கூடாது. இதை அந்த அம்மாவுக்கு இப்படிச் சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். நாங்கள் சொன்னது விதி.

அந்தத் தாளில் 23 பேர் இருந்தார்கள். அவர் பார்க்க வேண்டியது 4 வீடு. மீதி 19 பேரின் விவரம் அவருக்கு எதற்கு? ஒரே ஷீட்டை எல்லோருக்கும் அனுப்புவது எங்களுக்குச் சுலபம், அதனால்தான். ஃபில்டர் போட்டு 4 வரிகளை மட்டும் காட்டி அனுப்புவோரும் உண்டு; ஃபில்டரை எடுத்தால் 23-ம் வந்துவிடும். ஷீட்டில் ஒரு நெடுவரிசையை 'ஹைட்' செய்வதும் அப்படித்தான். தேவையான வரிகளைப் புது ஷீட்டில் வெறும் மதிப்பாக (பேஸ்ட் வேல்யூஸ்) ஒட்டி, பதிவு எண்ணும் முதலெழுத்தும் மட்டும் வைத்து, நோய்க் குறிப்பை எடுத்துவிட்டு அனுப்ப வேண்டும். பாஸ்வேர்டு போட்ட கோப்பு என்றால் பாஸ்வேர்டைப் போனில் சொல்ல வேண்டும், அதே மெயிலில் எழுதக் கூடாது. சப்ஜெக்ட் வரியில் நோயாளி பெயர் கூடாது. பூட்டிய போன் திரையிலும் அது மின்னும். 4 வீட்டை மெயிலிலேயே நாலு வரியாகப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பியிருந்தால் அந்த அம்மாவுக்குப் பிரின்டே தேவைப்பட்டிருக்காது. பையன் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்க மாட்டார்.

ஆக, பட்டியல் பெரிதாகப் போனதும் எங்களால், சாவி பையனிடம் இருந்ததும் எங்களால், மெயில் திரும்பியதும் எங்களால். ஆனாலும் பூட்டியது தவறில்லை என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருக்கிறது. அடுத்த தடவையும் அப்படி எச்சரிக்கை வந்தால் கை அந்தப் பக்கத்துக்குத்தான் போகும். எந்த பட்டனுக்கு என்பதுதான் மாறும்.

படிவத்தில் இப்போது இரண்டு கட்டம் இருக்கிறது: தொடர்பு எண் ஒன்று, சரிபார்ப்பு எண் ஒன்று. அன்றன்று மாறும் நேரத்தை மெயிலில் மட்டும் அனுப்பக் கூடாது, போனில் சொல்லி, கேட்டுக்கொண்டதை உறுதி செய்ய வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். அந்த அம்மாவின் கணக்கு திங்கட்கிழமையே திறந்துவிட்டது. ஆப் அவர் போனில், பேக்கப் கோடுகள் அவர் பீரோவில். எழுத்தையும் பெரிதாக்கிக் கொடுத்தோம். அவர் திரும்ப வந்து வேலை செய்கிறார். அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

சனிக்கிழமைகளில் அவரை வண்டியில் கொண்டுவந்து விடுவது அதே பையன்தான். நான்கு வீட்டு வாசலிலும் இறக்கிவிட்டு, தெருமுனையில் நின்று காத்திருக்கிறார். எந்தெந்த வீடு என்று அவருக்குத் தெரியும்.