அழகர்கோவில் சாலையில் மாரத்தான் பயிற்சியும், புற்றுநோய் ஆராய்ச்சிக்கான நிதியும்

சனவரியில் சென்னையில் நடைபெறும் முழு மாரத்தானில் ஓடுவதற்கும், அதை முன்னிட்டு அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஆராய்ச்சிப் பணிக்கு நிதி திரட்டுவதற்கும் கோடை முடிந்ததும் பயிற்சியைத் தொடங்கினேன். 42.195 கிலோமீட்டரில் இப்போது 28 கிலோமீட்டர் வரை நிற்காமல் ஓட முடிகிறது. நிதியும் பாதி இலக்கைத் தாண்டிவிட்டது.

வார நாட்களில் விடிவதற்கு முன் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடுகிறேன். மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்தான் பெரும்பாலான நாட்களில். நுரையீரலும் இதயமும் சில வாரங்களில் பழகிக்கொள்கின்றன; தசைநாண்களும் எலும்பும் உறுதிப்படப் பல மாதங்கள் ஆகின்றன என்பதால், வேகத்தை அடக்கி வைப்பதே முழங்காலுக்கு நல்லது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோவில் சாலை. மதுரையிலிருந்து கோவில் வரை 21 கிலோமீட்டர் என்பதால் ஒரு வழியே ஏறக்குறைய அரை மாரத்தான். புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி, கள்ளந்திரி என்று சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் வரும் அதே வழி. அவர் தங்கி வரும் மண்டகப்படி மண்டபங்கள்தாம் எனக்கும் தண்ணீர் குடிக்கும் இடங்கள். நீண்ட தூரம் ஓடுபவருக்கு இவ்வளவு வசதியான சாலை இந்த வட்டாரத்தில் வேறு இல்லை என்பது என் கருத்து.

நம் ஊர் வெக்கையில் தண்ணீர்க் கணக்குதான் முக்கியம். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்கிறேன். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று பொருள். கறுப்புச் சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளைக் கோடுகளாக உப்பு படிந்திருப்பதைப் பார்த்த பிறகு, வெறும் தண்ணீரை நிறுத்திவிட்டு எலுமிச்சைச் சாறும் உப்பும் சர்க்கரையும் கலந்து எடுத்துச் செல்கிறேன். அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாக முடியலாம். தசைகளில் சேமித்த மாவுச்சத்து பலருக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துவிடும். அதற்கு முன்பே பேரீச்சம்பழமும் கடலை மிட்டாயும் சிறிது சிறிதாகச் சாப்பிட்டுப் பழகுகிறேன். பேரீச்சம்பழம் ஒத்துக்கொள்கிறது, கடலை மிட்டாயை ஓடிக்கொண்டே மெல்வது சிரமம்.

ஓட்டத்தைவிட நிதி கேட்பது கடினமாக இருந்தது. தெப்பக்குளத்துத் தேநீர்க் கடைக்காரர் நேராகவே கேட்டார்: “ஏன் தம்பி, ஒரு நோயாளியக் காட்டுங்க, இப்பவே தர்றேன். ஆராய்ச்சிக்குன்னா அது யாருக்குப் போய்ச் சேரும்?” நியாயமான கேள்வி. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு நிலையம் தொடங்கப்பட்ட வரலாற்றைச் சொன்னேன். அது அவருக்குப் போதவில்லை. பிறகு பக்கத்து மாவட்டத்தில் நடந்ததைச் சொன்னேன்.

“அண்ணே, நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல நடந்த ஆய்வு இது” என்று தொடங்கி விளக்கினேன். ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையை மையமாகக் கொண்டு, அடையாறு நிலையமும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் பங்கேற்ற ஆய்வு. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, சற்றுப் பொறுத்து அங்கே வெளுக்கும் இடம் உண்டா என்று வெறுங்கண்ணால் பார்த்தார்கள். வினிகருக்குப் புளிப்பைத் தரும் அமிலம்தான் அது. ஐயத்துக்குரிய இடம் தென்பட்டவர்களுக்குத் தொடர் பரிசோதனையும் சிகிச்சையும் தரப்பட்டன. இந்தப் பரிசோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டபோது, ஒரே ஒரு முறை செய்த பரிசோதனையாலேயே கருப்பை வாய்ப் புற்று 25 விழுக்காடும் அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்ததை 2007இல் வெளியிட்டார்கள். விலை உயர்ந்த கருவி இல்லாத ஊரிலும் உயிரைக் காக்க முடியும் என்பதை நிரூபிக்க, பல்லாயிரம் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டியிருந்தது. அந்த உழைப்புக்குத்தான் பணம் தேவை.

அவர் ஐந்நூறு ரூபாய் அனுப்பினார். அவருடைய மனைவி, இந்தப் பரிசோதனையை எங்கே செய்கிறார்கள் என்று கேட்டார்; 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கட்டணமின்றிச் செய்கிறார்கள் என்றேன். அன்று முதல் யாரிடம் நிதி கேட்டாலும் ஆய்வை முதலிலும் ஓட்டத்தைப் பிறகும் சொல்கிறேன்.

பணத்தை என் கையில் வாங்குவதில்லை. நிலையத்தின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பி ரசீது பெறச் சொல்கிறேன். பழைய வருமான வரி முறையில் கழிவு கோருபவர்கள், 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடையை ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடைக்காது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து 32 கிலோமீட்டர் ஓட வேண்டும். கள்ளந்திரியைத் தாண்டிச் சற்றுத் தூரம் போய்த் திரும்பினால் கணக்குச் சரியாக வரும். அதன் பிறகு, போட்டிக்கு முந்தைய மூன்று வாரங்களில் தூரத்தைப் படிப்படியாகக் குறைக்கப் போகிறேன்.